சொல்லாமல் மறைத்த கிழங்கு விலை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில், நான் ஆடிக்கொண்டிருந்த வீடியோ ஆட்டத்தில், என் தீவுக் கடையில் டர்னிப் கிழங்கின் விலை 512 பெல்லுக்கு (பெல் என்பது அந்த ஆட்டத்தின் காசு) ஏறியிருந்தது. அதை நான் என் தோழிக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் அவளும் நிறையக் கிழங்கு வாங்கி வைத்திருந்தாள் என்பதும், என் தீவுக்கு வந்து விற்றால் அவளுக்குப் பெரிய லாபம் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எத்தனை பேர் வந்து எவ்வளவு கொட்டினாலும் அந்தக் கடையில் விலை இறங்காது என்பதால், அவள் விற்பதால் எனக்கு ஒரு பெல்கூட நட்டமில்லை. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கிழங்கும் கற்பனை, காசும் கற்பனை. பொறாமை மட்டும் அசலாக இருந்தது.

நான் சொல்வது 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற ஆட்டத்தைப் பற்றி. 2020 மார்ச் 20 அன்று, உலகமே வீட்டுக்குள் முடங்கத் தொடங்கியிருந்த வாரங்களில், அது நின்டென்டோ ஸ்விட்ச் கருவிக்கு வெளிவந்தது. பேசும் விலங்குகள் குடியிருக்கும் ஒரு தீவில் வீடு கட்டி, மீன் பிடித்து, பூச்செடி வளர்த்துக்கொண்டு இருப்பதுதான் ஆட்டம். நம் கடிகாரத்தில் இரவு எட்டு மணி என்றால் தீவிலும் இரவு எட்டு மணி. வீட்டுக்கடன் கொடுக்கும் டாம் நூக் என்ற பாத்திரம் வட்டியும் கேட்பதில்லை, கெடுவும் வைப்பதில்லை (நிஜத்தில் அப்படி ஒருவர் இருந்தால் கோயிலே கட்டிவிடலாம்). அதில் தோற்பதற்கு வழியே கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டத்திலும் ஒரு பந்தயத்தைக் கண்டுபிடித்து, அதில் நான் பின்தங்கிவிட்டதாகவும் முடிவுசெய்துகொண்டேன் என்பதுதான் என் சாதனை.

காரணம் தோழி பகிர்ந்த படங்கள். அவளுடைய தீவு ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்றுவிட்டது. அந்த நிலையை எட்டிய தீவில் மட்டும் தானாக முளைக்கும் பள்ளத்தாக்கு லில்லி, அவள் வீட்டு வாசலருகே பூத்திருந்தது. என் தீவோ மூன்று நட்சத்திரத்திலேயே நின்றது. அவளை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு தடவை கருவியின் கடிகாரத்தை முன்னே தள்ளினேன். கட்டட வேலைகள் முடிந்ததும் பழைய தேதிக்குத் திரும்பினேன். கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்தால் கையிருப்புக் கிழங்கு அழுகிவிடும் என்ற விதியை மறந்துபோயிருந்தேன். அழுகிய கிழங்கு ஒன்றைத் தரையில் வைத்தபோது, சற்று நேரத்தில் அதில் எறும்பு மொய்த்தது. வயிற்றெரிச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை யாராலும் வரைய முடியாது.

பொறாமை என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது பொறுக்க மாட்டாமை. மற்றவரிடம் இருப்பது நமக்கும் வேண்டும் என்பது வெறும் ஆசை. அது அவரிடம் இருப்பதையே பொறுக்க முடியாமல் போவதுதான் பொறாமை. கிழங்கு விலையை மறைத்தபோது நான் எதையும் விரும்பியிருக்கவில்லை, அவளுக்குக் கிடைக்காமல் போனால் போதும் என்றிருந்தேன். 'யாரோடும் ஒப்பிடாதே' என்ற அறிவுரை இந்த நோய்க்கு உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் தங்கள் திறமையையும் கருத்தையும் அளந்து பார்க்கப் பிறரோடு, அதிலும் தம்மைப் போன்றவர்களோடு, ஒப்பிடவே செய்வார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். உலகத்தின் பெரும் பணக்காரர் புதுக் கப்பல் வாங்கினால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கூடப் படித்தவர் வீடு வாங்கினால்தான் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகிறது.

இன்னொரு ஆறுதலையும் நான் நம்புவதில்லை. 'படத்தில்தான் சிரிக்கிறார்கள், உள்ளே என்ன துயரமோ' என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோமே, அது பொறாமையை விட்டு விலகுவதாகாது. அடுத்தவருக்கு ஒரு துன்பத்தை நாமே கற்பித்து, அதைக் கண்டு நிம்மதி அடைவதுதான். நானும் அப்படித் தேடியவள்தான். தோழியின் படங்களில் ஏதேனும் குறை தென்படுமா என்று பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அகப்படவில்லை, ஏனென்றால் அவள் உண்மையிலேயே மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள்.

திருப்பம் எந்த ஞானத்தாலும் வரவில்லை. ஒரு நாள் அவளிடமிருந்து, "நீர் ஊத்த ஆள் வேணும், வாயேன்" என்று ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். அவள் நீல ரோஜாவுக்கு முயன்றுகொண்டிருந்தாள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ரோஜா விதைகளில் தொடங்கி, கலப்புக்குமேல் கலப்பாகப் பல தலைமுறைகள் வளர்த்தால்தான் அந்த நிறம் எப்போதாவது கிடைக்கும். இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு: சொந்தக்காரர் நீர் ஊற்றுவதைவிட, வேறு தீவிலிருந்து வந்தவர் ஊற்றினால் செடி புதிதாகக் கிளைக்கும் வாய்ப்பு கூடும், ஐந்து விருந்தினர் வரை அது ஏறிக்கொண்டே போகும். அவள் அனுப்பிய குறியீட்டைக் கொடுத்து விமானத்தில் போய் இறங்கினேன். கட்டம் கட்டமாக நட்டிருந்த ரோஜாப் பாத்திகளில் நான் பூவாளியைச் சாய்க்கச் சாய்க்க, செடிகளின் மேல் பெரிது பெரிதாக மினுமினுப்புகள் எழுந்தன. அவள் ஊற்றியிருந்த செடிகளில் இருந்தவை சின்னப் பொட்டுகள்தான். ஏறத்தாழ அரைமணி நேரம் பாத்தி பாத்தியாக நடந்தேன். எத்தனையாவது பாத்தியில் என்று நினைவில்லை, ஆனால் எங்கோ ஓரிடத்தில், அந்த நீல ரோஜா பூத்துவிட வேண்டுமே என்று நான் பதறத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் பூத்தது. படத்தைப் பகிர்வதற்கு முன்பே எனக்குச் சொன்னாள். அந்தச் செய்தியைப் படித்தபோது வயிற்றில் ஏதும் புகையவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

பொறாமைக்குத் தூரம் தேவை என்று அதிலிருந்து நினைக்கிறேன். அசையாத ஒரு படத்தின் எதிரில் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருக்கும்போது அது நன்றாக வளர்கிறது. அதே மகிழ்ச்சிக்காகக் கொஞ்சம் கை அழுக்கானபின் அதற்கு இடம் போதவில்லை. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இதைத் தற்செயலாகச் செய்ததாகத் தெரியவில்லை. இந்த வரிசையின் முதல் ஆட்டம் 2001-இல் ஜப்பானில் வந்தது. அதற்கு வித்திட்ட கட்சுயா எகுச்சி, சீபாவிலிருந்த குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டு வேலைக்காகக் கியோட்டோவுக்கு வந்தபோது உணர்ந்த தனிமையிலிருந்துதான் அந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். பழமரங்களிலேயே அது தெரியும்: தீவின் சொந்தப் பழம் ஒன்றுக்கு 100 பெல், வேறு தீவுப் பழத்துக்கு 500 பெல். தோழியின் தீவு செழித்தால் என் தோப்பும் செழிக்கும்.

வாழ்க்கை அப்படி வடிவமைக்கப்படவில்லை என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். ஒரே பதவி உயர்வுக்கு இருவர் காத்திருக்கும் இடத்தில் பூவாளிக்கு வேலை இல்லை. அங்கே பொறாமைப்பட எனக்கு நியாயமான காரணம்கூட இருக்கலாம். ஆனால் என் பொறாமைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால் அப்படிப்பட்டவை மிகச் சில. பெரும்பாலானவை அந்தக் கடை விலையைப் போன்றவை. மற்றவர் எடுத்துக்கொண்டதால் எனக்குக் குறையாத காரியங்கள். தோழி நிஜமாகவே புதுவீட்டுக்குக் குடிபோனபோது, அவள் படம் போடும்வரை காத்திராமல் முதல் நாளே போய், புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கிக் கொடுத்தேன். இப்போது அந்த வீட்டுப் படம் எதைப் பார்த்தாலும், என் கண் முதலில் அந்த அலமாரிக்குத்தான் போகிறது. மேல்தட்டில் ஒரு வரிசை இன்னும் கோணலாகவே இருக்கிறது. அது நான் அடுக்கியது.

512 பெல் விவகாரத்தை நெடுநாள் கழித்து அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, அந்த வாரக் கிழங்கு முழுவதையும் விற்க மறந்து அழுகவிட்டதாகச் சொன்னாள். உடனே என் மனம் ஒரு கணம் லேசானது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.