கடாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நக்கவாரம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் வட்டாரத்தில் எந்தத் தமிழர் விழாவுக்குப் போனாலும் கடாரம், அதாவது பழைய கெடா, வென்ற கதை மேடையேறிவிடும். இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படை அனுப்பினான், வென்றான் என்றதும் கைதட்டல் எழும். அந்தப் படை எந்தக் கடலைக் கடந்தது, வழியில் யார் வாழ்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அந்த வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் பாடலான மெய்க்கீர்த்தியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். "தேனக்க வார்பொழில் மாநக்கவாரமும் தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்" என்று வருகிறது. நம் கெடாவுக்கு முன்னால் நிற்கும் பெயர் மாநக்கவாரம். அது இன்றைய நிக்கோபார் தீவுகள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நிலப்படமும் இரண்டையும் அருகருகே காட்டுகிறது. பெரிய நிக்கோபாரின் தென்முனைக்கும் நமது கெடாவின் குனோங் ஜெராய் மலைக்கும் அட்சரேகையில் ஒரு பாகைதான் வேறுபாடு. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த பாய்மரக் கப்பல்கள் அந்தத் தீவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே நுழைந்து கிழக்கே வந்தால், 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெராய் கண்ணில் படும். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு வணிகத்தில் செழித்ததற்கு இந்தக் கடல்வழி ஒரு முக்கியக் காரணம்.

பிற்காலத்தில் டென்மார்க்கும் ஆஸ்திரியாவும் இந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடிப் பார்த்தன. 1869இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கொடி நட்டவர்களின் கதையை விட, காலங்காலமாக அங்கேயே வாழும் மக்களின் கதைதான் எனக்குப் பெரிது. நிக்கோபாரியர்களின் மொழிகள் ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் பேராக் மாநிலப் பழங்குடிகளான தெமியார், செமாய் மக்கள் பேசும் மொழிகளும் அதே குடும்பம்தான்.

நிக்கோபாரில் ரப்பர் தோட்டமும் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்களை இந்திய அரசு நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியேற்றியது. கொழுந்து பறித்த கைகள் அங்கே பால்மரம் வெட்டின. விடியுமுன் உளியோடு மரத்தடிக்குப் போய், பட்டையில் சாய்வாகக் கோடு இழுத்து, கோப்பையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வது நம் அம்மாக்கள் செய்த அதே வேலை. 2004 டிசம்பர் 26 அன்று கச்சாலை ஆழிப்பேரலை சூறையாடியது. அன்றே நமது கெடாக் கரையின் கோத்தா குவாலா மூடாவிலும் அலை ஏறியது. நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். நம்மைப் பெரிதும் காத்தது குறுக்கே கிடந்த சுமத்ரா. நிக்கோபாருக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. பெரிய நிக்கோபாரின் தென்முனை நிலம் நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனது.

இப்போது அதே பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். துறைமுகம் வரவிருக்கும் கலாத்தியா விரிகுடா, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை. அந்தக் காட்டில் சில நூறு ஷொம்பென் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பேரலையில் ஊர் இழந்த நிக்கோபாரியர்கள் பழைய ஊர்களுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பழங்குடி மன்றம் முதலில் கொடுத்த இசைவை 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு இது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலைப் பார்த்தவர்கள் நாம். வீடமைப்புக்காகத் தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குரியவர்களின் மறுப்பைக் கேட்காமல் வருவதை வளர்ச்சி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் வங்கக் கடல் முழுவதும் தெரிகிற நிலப்படம் தொங்க வேண்டும். நாகப்பட்டினம், நிக்கோபார், கெடா மூன்றையும் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கடாரம் பற்றிப் பேசுபவர்கள் நக்கவாரத்து மக்களைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசட்டும். எங்கள் வட்டாரப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் யாராவது முன்வந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நிலப்படச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.