அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல

வேர்க்கால்வாய்ச் சிகிச்சையில் (ரூட் கெனால்) பல்லின் உட்புறத்தைக் கழுவும் திரவங்களைப் பற்றிய பேச்சு இது. "சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ளே இருக்கும்போதே குளோர்ஹெக்சிடினையும் விட்டால் கிருமி இரட்டிப்பாகச் சாகும், பழுப்பாக வந்தால் அழுக்கு வெளியேறுகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அந்தப் பழுப்பு, இரண்டு திரவங்களும் வினைபுரிந்து உண்டாகும் வீழ்படிவு. பல்லே இல்லாமல் வெறும் சோதனைக் குழாயில் கலந்தாலும் வரும். அங்கே அழுக்கு எங்கிருந்து வந்ததாம்? ஹைப்போகுளோரைட்டின் செறிவு கூடக்கூட நிறமும் கெட்டியும் கூடும். வேர்க்கால்வாய்ச் சுவரில் படிந்து டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள கடினப் பகுதி) நுண்குழல்களை அடைக்கும், பல்லிலும் கறை ஏற்றும். அதில் பாராகுளோரோஅனிலின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே பதிலுக்கு "புற்றுநோய் நிச்சயம்" என்று பயமுறுத்தியவரும் கொஞ்சம் நிதானிக்கலாம்.

என்னைக் கேட்டால் இன்னொரு கழுவு திரவமான இடிடிஏவின் சேர்க்கைதான் அதைவிட ஏமாற்றுவது. ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் கொஞ்சம் குமிழ் வரும், அவ்வளவுதான், கறையில்லை, படிவில்லை. ஆனால் ஹைப்போகுளோரைட்டில் உள்ள செயல்படக்கூடிய குளோரின் சில நிமிடங்களிலேயே பெருமளவு தீர்ந்துவிடும், திசுவைக் கரைக்கும் திறன் போய்விடும். இடிடிஏ மட்டும் கால்சியத்தைப் பிடிக்கும் தன் வேலையைத் தொடரும். இதுவே குளோர்ஹெக்சிடினுடன் சேர்ந்தால் வெள்ளையாகத் திரியும்.

சுத்தம் செய்யும்போது ஹைப்போகுளோரைட், பிறகு 17% இடிடிஏ சுமார் ஒரு நிமிடம். 2% குளோர்ஹெக்சிடின் வேண்டுமென்றால் கடைசியில்தான், அதுவும் சலைன் அல்லது காய்ச்சி வடித்த நீரால் நன்றாக அலசி, பேப்பர் பாயின்ட்டால் (ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சி) ஒற்றி எடுத்த பிறகு.