பொழுது ஏன் போக மறுக்கிறது?

"பொழுது போகவில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம். கவனித்தால், அந்த வாக்கியத்தில் குற்றவாளி பொழுதுதான். நாம் வெறும் சாட்சி. ஜெர்மன் மொழியில் சலிப்புக்கு 'லாங்கவைல' என்று பெயர். நேர்ப்பொருள்: நீண்ட வேளை. அங்கேயும் பழி நேரத்தின் தலையில்தான்.

ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1929-30இல் நடத்திய விரிவுரைகளில் சலிப்புக்கென்றே பெரும்பகுதியை ஒதுக்கினார். அதில் ஒரு சிறிய ரயில் நிலையம் வருகிறது. அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம். கடிகாரத்தைப் பார்க்கிறோம், சாலையோர மரங்களை எண்ணுகிறோம், தரையில் கோலெடுத்துக் கிறுக்குகிறோம், மறுபடியும் கடிகாரம். முள் நகர்ந்தபாடில்லை. (தத்துவம் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்த சில இடங்களில் இதுவும் ஒன்று.)

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவருக்கு வாழ்க்கை ஒரு ஊசல். ஆசைப்பட்டது கிடைக்காதவரை வலி, கிடைத்துவிட்டால் சலிப்பு. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊசலின் இரு முனைகளையும் சொன்னவர், அது காற்றைக் கிழித்துக்கொண்டு நடுவில் பாயும் இடத்தைக் கண்டுகொள்ளவில்லை. கடிதத்தைப் பிரிப்பதற்கு முந்தைய நொடி வலியா, சலிப்பா? இரண்டுமில்லை.

நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இதற்கு நெருக்கமானது. விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்ட பிறகு, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சாறு வரும்போது துள்ளுவதில்லை. விளக்கு எரியும்போதே துள்ளிவிடுகின்றன. சாறு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்குகிறது. ஏமாற்றமும் நேரம் பார்த்துத்தான் வருகிறது.

ஆகவே சலிப்பை ஆசை செத்துப்போன நிலை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆசை செத்திருந்தால் நிம்மதியாக அல்லவா உட்கார்ந்திருப்போம்? சலித்திருப்பவனால் உட்கார முடிவதில்லையே! அவனும் எதையோ எதிர்பார்க்கிறான். எதை என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தும் கிடைக்காதவனுக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் எவ்வளவோ தேவலை, திட்டுவதற்காவது ஆள் இருக்கிறது.

நேற்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். திரையில் 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மறைந்தது. இப்படி என்னதான் எழுதி எழுதி அழிக்கிறார் என்று கோபம் வந்தது. கடைசியில் பதில் வந்தது: "சரி."

அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஆனால் கைபேசியை நான் கீழே வைக்கவில்லை. கட்டைவிரல் பாட்டுக்கு எதையெதையோ தள்ளிக்கொண்டே போனது. என்ன தேடுகிறாய் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்றேன்.