தோட்டம் செய்ய ஆள் இருக்கு, வளவுதான் இல்லை

மட்டக்களப்பில் வீட்டுத்தோட்டப் பேச்சு கஷ்டகாலத்தில்தான் எழும்பும். 2011இல் ‘வாழ்வின் எழுச்சி’ என்ற அரச திட்டத்தில் விதையும் கன்றும் தந்தார்கள். 2021 மேயில் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அடுத்த வருசம் சாமான் விலை ஏறியதும், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டுப் பயிர் செய்யச் சொன்னார்கள். சனமும் ஒவ்வொரு முறையும் மண்வெட்டியை எடுத்தது.

கல்லடியில் எங்கட ஒழுங்கையில் 2022இல் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் வெறும் வளவைத் துப்புரவாக்கினோம். சீனி மாதிரி மணல். ஊற்றிய தண்ணீர் போன இடம் தெரியாது. “மணலுக்கு ஒரேயடியா ஊத்தப்படாது மகள், காலைல கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம்” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லித் தந்தார். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவர். அவர் சொன்னபடி பாத்திக்கு அடியில் தேங்காய் மட்டை புதைத்து, மேலே மாட்டெருவும் சருகும் போட்டோம். மட்டை ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாதம் வெண்டி, கத்தரி, பயற்றை, பசளி எல்லாம் ஏழு வீட்டுக்கும் பிரித்தோம். ஒருநாள் இரவு கட்டாக்காலி மாடுகள் வேலியைப் பிரித்துப் பாதியைத் தின்றுவிட்டன. அழுகை வந்தது. விடிய எல்லாருமாகத் திரும்ப வேலி அடைத்தோம்.

2024இல் வளவு விலைப்பட்டது. அது அவரின் சொத்து, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருசமாக நாங்கள் கறுப்பாக்கிய அந்த மண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

நியூயோர்க்கிலும் இதே கதைதான். 1970களில் குப்பை மேடாகக் கிடந்த வளவுகளில் அயலவர்கள் தொடங்கிய தோட்டங்கள் நகரமெங்கும் பரவின. 1999இல் அவற்றில் 114ஐ ஏலம் விட மாநகர நிர்வாகம் புறப்பட்டது. சனம் எதிர்த்து நின்றது. கடைசியில் இரண்டு அமைப்புகள் அந்தக் காணிகளை விலைக்கு வாங்கியதால்தான் அவை தப்பின. ஆர்வம் மட்டும் இருந்து காணாது, காணி உறுதியாக இருக்கவேண்டும்.

எங்கட மாநகர சபையிடம் நான் கேட்பது இதுதான். வட்டாரத்துக்கு ஒரு பொதுக் காணி, பற்றை மூடிக் கிடப்பதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கிணற்றோடும் முள்வேலியோடும் அந்த அயல் சனத்திடம் ஐந்து வருசத்துக்கு எழுத்தில் தாருங்கள். விதை வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். தை பிறந்து மழை விட்டதும் பாத்தி போடுவோம். வெண்டி விதையைச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் வைத்திருக்கிறேன்.