நத்தையைக் கண்டுபிடித்தவன்

12 வருடமாக மழலையர் வகுப்பில் இருக்கிறேன். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: படப்புத்தகத்தைப் பாடப்புத்தகம் ஆக்கிவிடக் கூடாது.

ஒரு யானைக்குட்டி தன் அம்மாவைத் தேடிப் போகிற புத்தகம் எங்கள் வகுப்பில் இருக்கிறது. எத்தனை முறை வாசித்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒருநாள் நாலு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தின் கீழ்மூலையில் விரலை வைத்து, "டீச்சர், நத்தையும் கூடவே வருது" என்றான். கதையில் நத்தை என்ற சொல்லே கிடையாது. சரி என்று முதல் பக்கத்துக்குப் போனோம். அங்கேயும் இருந்தது. ஆற்றங்கரையில், பாறை மேல், புல்லுக்குள் என்று எல்லாப் பக்கத்திலும் ஊர்ந்துகொண்டே வந்திருக்கிறது. யானைக்குட்டி அம்மாவிடம் சேரும் கடைசிப் பக்கத்தில், அம்மா யானையின் கால் நகத்தை ஒட்டி அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை நாளும் என் கண் எழுத்திலேயே இருந்திருக்கிறது.

கதை வாசித்துக் காட்டும்போது சின்னக் குழந்தைகளின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. பார்வை பெரும்பாலும் படத்தில்தான் இருந்தது, எழுத்தின் மேல் நின்றது கொஞ்ச நேரம்தான். எழுத்தையும் காட்டலாம், தப்பே இல்லை. ஆனால் முதலில் படத்தைப் பார்த்து முடிக்க விடுங்கள். இங்கே நாம் அவசரப்படுகிறோம்.

இன்னொரு அவசரம், கேள்வி. "இது என்ன கலர்? எத்தனை பூ இருக்கு?" எப்போதாவது கேட்டால் சரி. பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் குழந்தை கதையிலிருந்து வெளியே வந்து, பதிலுக்காக நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். கஷ்டம்தான். "நத்தை" என்று குழந்தை ஒரு சொல் சொன்னால், "ஆமா, நத்தை மெதுவா பாறை மேல ஏறுது" என்று அதையே நீட்டிச் சொல்லுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் இப்படி வாசித்த பெற்றோரின் குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள்.

அப்புறம் விளையாட்டு. நத்தையைக் கண்டுபிடித்த மறுநாள் நாற்காலிகள் மலையாகிவிட்டன, நீலத்துணி ஆறாகிவிட்டது. யானையாக ஒருவருக்கும் ஆசையில்லை, எல்லோருக்கும் நத்தையாக வேண்டும். ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காத ஒரு சிறுமி, முதுகில் பையைக் கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து அறையைக் கடந்தாள். நடுவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. "நாற்காலிக்கு அடியில போ!", "துணி மேல வராத, மூழ்கிடுவ!" என்று சுற்றி ஒரே சத்தம். மேலே, அடியில், நடுவில், பக்கத்தில் என்ற சொற்களுக்காக நானே ஒர்க்‌ஷீட் கொடுத்த காலம் உண்டு. இப்போது கொடுப்பதில்லை.

ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க வாசித்தால் அலுக்காதா என்று கேட்பார்கள். அலுக்கும், பெரியவர்களுக்கு. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு வேறு கதைகளில் அதே புதுச்சொற்களைக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். என் அனுபவமும் அதுதான். முதல் நாள் கதை என்ன ஆகும் என்ற தவிப்பிலேயே போய்விடும். மூன்றாம் நாள்தான் மூலையில் இருப்பது கண்ணில் படும்.

எனக்கு நிஜமாகவே வலிப்பது பூட்டிய அலமாரி. "கிழிச்சிடுவாங்க" என்று உள்ளே வைத்துவிடுகிறார்கள். கிழிப்பார்கள்தான். டேப் ஒட்டுவோம். பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில், அட்டை முகம் தெரிகிற மாதிரி நாலே நாலு புத்தகம் வைத்தால்கூடப் போதும், அவர்களே எடுத்துவருவார்கள்.

எங்கள் யானைப் புத்தகத்துக்கு இதுவரை மூன்று டேப். விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கத்தில் நத்தை பாதி அழிந்தே போய்விட்டது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பாப்பாவுக்கு அந்தப் பையன் அந்த இடத்தைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான்: "இங்க ஒண்ணு இருக்கு, கிட்ட வந்து பாரு."