மோதிரத்தை எண்ணினால் ராபர்ட் ஹோரிதான் ஜோர்டானை விடப் பெரியவர்

"ஜோர்டானுக்கு ஆறு, லெப்ரானுக்கு நாலு. கதை முடிஞ்சது, கிளம்பு." அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார், மைக்கேல் ஜோர்டானா லெப்ரான் ஜேம்ஸா என்று பேச்சு எழுந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது இந்த வரியைப் போட்டுவிடுவார்கள். எண்ணுவது மோதிரத்தை, அதாவது கோப்பை வென்ற அணியின் ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பதை. சரி, எண்ணுவதென்றால் முழுசாக எண்ணுவோம். ராபர்ட் ஹோரிக்கு ஏழு மோதிரம். ஹூஸ்டனில் இரண்டு, லேக்கர்ஸில் மூன்று, சான் அன்டோனியோவில் இரண்டு. கடைசி நொடியில் பந்தைப் போட்டு ஆட்டத்தை ஜெயித்துத் தருவதில் கெட்டிக்காரர். ஆனால் சீசனின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வானவர் இல்லை. "அவர் துணை ஆட்டக்காரர்தானே, அதெல்லாம் கணக்கில் வராது" என்று சொல்கிறீர்களா? அப்படியென்றால் மோதிரத்துக்குப் பின்னால் வேறொரு அளவுகோலை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை வெளியே எடுத்து வையுங்கள், அப்புறம் பேசலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் "பைனலில் ஆறுக்கு ஆறு" வாதம். ஜோர்டான் பைனலில் தோற்றதே இல்லை, லெப்ரான் பத்து பைனலில் ஆறு தோற்றார். உண்மைதான். ஆனால் ஜோர்டான் 1985, 86, 87 மூன்று வருடமும் பிளே-ஆஃபில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், முதல் சுற்றிலேயே வெளியேறினார். அடுத்த மூன்று வருடம் டெட்ராய்ட் அணியிடம் தோற்றார். முதல் சுற்றில் தோற்றால் கறை இல்லை, பைனல் வரை வந்து தோற்றால் கறை என்றால், 2007-ல் லெப்ரான் கிளீவ்லாந்தைப் பைனலுக்கு இழுத்து வந்ததற்குப் பதில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அப்போது அவர் கணக்கு இன்னும் அழகாக இருக்கும்! ஒரு அளவுகோல், சீக்கிரம் தோற்பவனுக்குப் பரிசு தருகிறதென்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழைய காலத்துக்குப் போனால் கோளாறு வேறு விதம். பில் ரஸ்ஸல் 13 சீசனில் 11 சாம்பியன்ஷிப் வென்றார். பைனலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பைனல்ஸ் எம்.வி.பி. விருது அவருக்கு எத்தனை? பூஜ்யம். ஏனென்றால் அந்த விருதே 1969-ல்தான் வந்தது. அது அவருடைய கடைசி சீசன். அந்த முதல் விருதும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. இன்றைக்கு அந்த விருதுக்கே ரஸ்ஸல் பெயர்தான். பிளாக்கும் (ஷாட்டைத் தடுப்பது) ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) 1973-74-லிருந்துதான் எழுதி வைக்கப்படுகின்றன. எதிராளி ஷாட்டைத் தடுப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு அந்தக் கட்டம் காலி. டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) கணக்கு 1977-78-லிருந்து. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு 1979-80-ல் வந்தது. சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்.வி.பி.யை 1980 வரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்குப் பிறகு பத்திரிகையாளர்கள். கரீம் அப்துல்-ஜப்பாரின் ஆறு எம்.வி.பி.யையும் ஜோர்டானின் ஐந்தையும் பக்கத்தில் வைப்பது, மரக்காலில் அளந்ததையும் படியில் அளந்ததையும் ஒரே சாக்கில் கொட்டுவது மாதிரி.

ரஸ்ஸலுக்கு எதிரான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் வந்தபோது மொத்தமே 8 அணிகள். டிவிஷனில் (அணிகளைப் பிரித்த பிரிவில்) முதலிடம் பிடித்தால் இரண்டே தொடர் (ஒரே எதிரணியோடு பல ஆட்டம்) வென்று கோப்பையைத் தூக்கலாம். இன்று 30 அணிகள், நான்கு சுற்று, 16 வெற்றி. ஆகவே அந்த 11-ஐ அப்படியே 11 என்று எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இப்போது வில்ட் சேம்பர்லைன். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு கூட்டம் மயங்கும், இன்னொரு கூட்டம் "அந்தக் காலத்தில் எல்லாம் சும்மா" என்று தள்ளும். இரண்டுமே சோம்பேறித்தனம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த சீசனில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைத்த பந்து வாய்ப்பு, அதாவது பந்து கையில் வந்து தாக்கும் தடவை, சுமார் 126. மதிப்பீடுதான், டர்னோவரும் தாக்குதல் ரீபவுண்டும் அப்போது தனியாக எழுதப்படவில்லை. இன்று அது ஏறத்தாழ 100. 50.4-ஐ 126-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 40 வரும். அடுத்து நிமிடம். வில்ட் ஆடியது ஆட்டத்துக்கு 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடம்தான், மிச்சம் கூடுதல் நேரம். இன்றைய நட்சத்திரங்கள் பொதுவாக 40-ஐத் தாண்டுவதில்லை என்பதால் 40 நிமிடத்துக்குச் சுருக்கினால் 33 புள்ளி. 1987-88-ல் ஜோர்டான் சுமார் 40 நிமிடம் ஆடி 35 எடுத்தார், அப்போதைய வேகம், அதாவது பந்து வாய்ப்பின் எண்ணிக்கை, கிட்டத்தட்ட இன்றைய அளவுதான். ஐம்பது எங்கே, முப்பத்துமூன்று எங்கே!

ரீபவுண்டிலும் இதே கதை. அந்த சீசனில் ஷாட்டுகள் விழுந்த விகிதம் 43 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தவறிய ஷாட் அதிகம் என்றால் எடுக்க ரீபவுண்டும் அதிகம். அணிக்கு ஓர் ஆட்டத்தில் 70-க்கு மேல் கிடைத்தது, இன்று 44 அளவில். அந்த விகிதத்தில் 25.7 என்பது 16 ஆகிறது. 16-ம் சாதாரணம் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். பந்து வாய்ப்பு எல்லாருக்கும் பொது, அதைச் சுருக்குவது நியாயம். நிமிடம் அப்படி இல்லை. அந்த சீசன் முழுக்க, 80 ஆட்டத்திலும், வில்ட் வெளியே உட்கார்ந்தது மொத்தம் 8 நிமிடம்தான். அதுவும் நடுவர் வெளியேற்றியதால். அந்த உடம்பு அவருடைய திறமை. அதை 40 நிமிடமாகச் சுருக்கும்போது அவர் சொத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிவிடுகிறோம். அதனால் வேகத்துக்கு மட்டும் சுருக்கிவிட்டு நிமிடத்தைத் தொடாமல் 40 என்றே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதே வருடம் ஆட்டக்காரர்கள் எம்.வி.பி.யை ரஸ்ஸலுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எதிரே நின்று ஆடியவர்கள் அவர்கள்.

சரி, எப்படித்தான் வரிசைப்படுத்துவது? முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். என் கேள்வி இது: அறிமுக நாளிலிருந்து ஓய்வு வரை இவர் ஒரே அணியில் இருந்தால், அந்த அணிக்குக் கோப்பை வெல்லும் வாய்ப்பு எத்தனை சீசனில் கிடைக்கும், எவ்வளவு பெரிதாகக் கிடைக்கும்? உங்கள் கேள்வி "ஒரே ஒரு தொடர், யாரை எடுப்பாய்" என்றிருந்தால் பட்டியல் வேறு. இரண்டு பேர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டாள் என்பதுதான் இந்தச் சண்டையில் பாதி.

பிறகு அலகு சீசனாக இருக்கட்டும். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு படி. ஆல்ஸ்டார் அளவு அல்லது அதை ஒட்டி வந்தால் 1. ஆல்-என்.பி.ஏ. (சீசனின் சிறந்த ஐவரணிகளில் இடம்) தரம் 2. எம்.வி.பி. தரம் 4. அதற்கும் மேலே, சரித்திரத்திலேயே அரிதான உச்சம் என்றால் அதற்கு ஒரு மதிப்பு, க என்று வைப்போம். பாதிக்கு மேல் ஆடாத சீசனுக்கு ஒன்றும் கிடையாது. பிளே-ஆஃப் ஆட்டத்தையும் சேர்த்தே படியை முடிவு செய்யுங்கள், பின்னால் மறுபடி மோதிரத்துக்குத் தனி மார்க் போடாதீர்கள். ஒரே வெற்றியை இரண்டு தடவை எண்ணுவதுதான் இதில் அதிகம் நடக்கிற தப்பு.

என் மார்க்கில் ஜோர்டானுக்கு உச்சம் ஏழு: 1988 முதல் 93 வரை, பிறகு 96. எம்.வி.பி. தரம் மூன்று சீசன், முதல் வருடத்துக்கு 2, வாஷிங்டனில் ஆடிய இரண்டு வருடத்துக்கு ஒவ்வொன்று. 18 ஆட்டம் ஆடிய 1985-86-ம் 17 ஆட்டம் ஆடிய 1994-95-ம் பூஜ்யம். மொத்தம் 7க + 16. லெப்ரானுக்கு 2024-25 வரை 22 சீசன். உச்சம் நாலு (2009, 10, 12, 13), எம்.வி.பி. தரம் பத்து, ஆல்-என்.பி.ஏ. தரம் ஏழு, முதல் வருடத்துக்கு 1. மொத்தம் 4க + 55. இரண்டும் சமமாக க 13 ஆக வேண்டும். அதாவது ஜோர்டானின் ஓர் உச்ச சீசன் சாதாரண எம்.வி.பி. சீசனைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெறும் என்று நீங்கள் நம்பினால்தான் ஜோர்டான் முதலிடம். நம்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே வருடத்தில் எம்.வி.பி.யும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கியவர் அவர். எனக்கு அது இரண்டரை மடங்கு, க என்றால் 10. 86-க்கு 95.

ஆள் போனதும் அணி என்ன ஆனது என்று பார்க்கிற பழக்கமும் உண்டு. ஜோர்டான் விலகிய 1993-94-ல் சிகாகோ 57 வெற்றியிலிருந்து 55-க்குத்தான் இறங்கியது. லெப்ரான் போனதும் கிளீவ்லாந்து 61-லிருந்து 19-க்கு விழுந்தது. லெப்ரான் ரசிகர்களுக்குக் கற்கண்டு. ஆனால் சிகாகோவுக்கு அந்த வருடம்தான் டோனி குகோச் வந்தார், அணியின் இன்னொரு நட்சத்திரம் பிப்பன் முழு வீச்சில் இருந்தார். கிளீவ்லாந்தில் ஷகீலும் இல்காஸ்கஸும் சேர்ந்தே கிளம்பினார்கள், பயிற்சியாளரும் மாறினார். சாட்சியாக வைக்கலாம், தீர்ப்பாக வைக்க முடியாது.

என் வரிசை: லெப்ரான், ஜோர்டான், கரீம். கரீமை மூன்றுக்குக் கீழே வைக்கிறவர்கள் அவருடைய எழுபதுகளைப் பார்க்காதவர்கள். 1971-ல் பைனல்ஸ் எம்.வி.பி. வாங்கி, 14 வருடம் கழித்து 1985-ல் மறுபடி வாங்கினார். அடுத்து ரஸ்ஸல், டிம் டங்கன், மேஜிக் ஜான்சன், வில்ட். இந்த நால்வரையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் சண்டைக்கு வர மாட்டேன். அதற்குப் பிறகு ஷகீல், லாரி பேர்ட், ஹக்கீம் ஒலாஜுவான், ஸ்டீபன் கரி, கோபி பிரையன்ட்.

கோபியைப் பன்னிரண்டில் வைத்ததற்குத் திட்டு விழும், தெரியும். டொரான்டோவுக்கு எதிராக 81 அடித்த அந்த இரவை நானும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தாளில் அவருடைய சீசன்களுக்கு நேரே 1, 2, 4, க என்று நீங்களே ஒவ்வொன்றாக எழுதுங்கள். எத்தனை சீசனுக்கு எதிரே க வருகிறதென்று எண்ணிவிட்டு கமென்டில் வாருங்கள்.