விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிராக்டிகலில் காதுக்கு வேலையே இல்லையா?

குறும்பட பிராக்டிகல் என்றாலே கேமராவைச் சுற்றித்தான் கூட்டம். பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) பிடிக்கும் வேலையை ஜூனியர் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை காதில் ஹெட்போன்கூட இருக்காது. அப்புறம் எடிட்டில் உட்கார்ந்து “டயலாக்கே கேக்கல” என்று அலறி என்ன பயன்?

கேமரா மைக் பத்தடி தள்ளி இருக்கிறது. வசனத்தோடு ஃபேன் சத்தமும் வகுப்பறைச் சுவரின் எதிரொலியும் ஒட்டிக்கொண்டுதான் பதிவாகும். சாஃப்ட்வேர் அதைச் சுத்தமாகப் பிரித்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. மைக்கை ஃபிரேமுக்கு வெளியே, வாயிலிருந்து இரண்டடிக்குள் கொண்டுபோங்கள். ரெக்கார்டிங் செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடையும், உடைந்தது உடைந்ததுதான். ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினையும் அணையுங்கள். வசனம் நின்றதும் அது இரைச்சலைத் தூக்கிவிடும். தனி ரெக்கார்டர் என்றால், படத்தையும் ஒலியையும் எடிட்டில் பொருத்த, டேக்குக்கு டேக் கிளாப் அடியுங்கள். கிளம்புமுன் யாரும் பேசாமல் 30 விநாடி ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் சத்தம், பதிவு செய்யுங்கள்; வெட்டுகளுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அதுதான் கைகொடுக்கும்.

ஒளிப்பதிவுக்கு மார்க் போடும் அதே தாளில் ஒலிக்கும் ஒரு கட்டம் போடுங்கள் சார்.